உடன்படிப்பவருக்குச் சொல்லித்தருதலும் தொழில் தேர்வும்

உடன்படிப்பவருக்கு உதவுவது நற்குணத்தின் அடையாளமாகப் போற்றப்படுகிறதே தவிர, அவ்வுதவி உதவுபவரின் பிற்காலத் தொழிலை எப்படித் தீர்மானிக்கிறது என்பது அரிதாகவே ஆராயப்படுகிறது. ஒரே வகுப்பில் பயில்வோர் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொள்வதைச் சகபாடிக் கற்பித்தல் என்றும், மேல் வகுப்பு மாணவர் கீழ் வகுப்பினருக்குப் படிப்பிலும் வேலை தேடுவதிலும் தொடர்ந்து துணைநிற்பதை வழிகாட்டல் என்றும் வேறுபடுத்திக் கொள்ளலாம். நடைமுறையில் முன்னதில் தொடங்குபவரே பெரும்பாலும் பின்னதற்குச் செல்கிறார்.

இவ்வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் முன்னே கற்றவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களைப் படிக்க வைத்தான். 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்த முயன்றார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காத நிலையில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அவ்வேற்பாடு வெற்றி பெறவே, 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வழியாக அது 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்தில் பெயர் பெற்றது. குறைந்த செலவில் நிறையப் பேருக்குக் கற்பிக்க முடிந்ததே அது பரவியதற்குப் பெருங்காரணம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சகபாடி சொல்வது ஏன் விளங்குகிறது என்பதற்கு, ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் தம் வகுப்பில் வளர்த்தெடுத்த முறை விடை தருகிறது. கருத்து சார்ந்த ஒரு கேள்விக்கு மாணவர் தனித்தனியே விடையளித்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதிட்டு, மீண்டும் விடையளிக்கும் அம்முறையில், சரியான விடை கூறுவோர் இரண்டாம் முறை பெருகுகின்றனர். நேற்றுக் கற்றவருக்குத் தாம் இடறிய இடம் நினைவிருக்கிறது. பல்லாண்டு கற்பித்தவருக்கு அது மறந்துவிடுகிறது.

உதவுபவருக்குக் கிடைப்பது எது என்பதைப் பொறியியல் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் தெளிவாகக் காணலாம். பிரெட்போர்டில் அமைத்த மின்சுற்று வேலை செய்யாமல் தோழி கைபிசைந்து நிற்கும்போது, கம்பிகளைப் பிடுங்கித் தாமே சரியாகச் செருகிக் கொடுப்பவர் இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்துவிடுகிறார். தோழிக்கு ரெக்கார்டு நோட்டில் எழுத அளவீடுகள் கிடைக்கின்றன, வைவாவில் சொல்ல விடை கிடைப்பதில்லை. மாறாக, மல்டிமீட்டரைத் தோழியின் கையிலேயே கொடுத்து, மின்னழுத்தம் எதுவரை வருகிறது, கிரவுண்டு இணைப்பு எந்த வரிசையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பவருக்கு அரைமணி நேரம் செலவாகிறது. ஆனால் பழுதைப் படிப்படியாகக் குறுக்கித் தேடும் ஒழுங்கு அவருக்கே அப்போதுதான் கைகூடுகிறது. வன்பொருள் சோதனை, பராமரிப்பு, மென்பொருள் பிழைதிருத்தம் ஆகிய வேலைகளின் சாரமும் இவ்வொழுங்கே. அந்த அரைமணி நேரம் தமக்குச் சலிப்பைத் தந்ததா, நேரம் போனதே தெரியாமல் செய்ததா என்று கவனிக்கும் மாணவர், எந்த ஆளுமைத் தேர்வும் சொல்லாத ஒன்றைத் தம்மைப் பற்றி அறிந்துகொள்கிறார்.

மற்றவர்கள் எதற்காகத் தேடி வருகிறார்கள் என்பதும் மதிப்பெண் பட்டியலில் இல்லாத செய்தி. அரியர் தாளுக்கு முந்தைய இரவு விடுதி அறையில் கூட்டம் கூடுகிற மாணவர் ஒருவர். புராஜெக்ட் அறிக்கையின் மொழியைத் திருத்தித் தரக் கேட்கப்படுபவர் வேறொருவர். குழுவில் சண்டை மூண்டால் அழைக்கப்படுபவர் இன்னொருவர். ஆசிரியப் பணி, தொழில்நுட்ப எழுத்து, திட்ட மேலாண்மை என்னும் மூன்று வழிகள், அவற்றின் பெயர் தெரியும் முன்பே இவர்களுக்குத் திறந்திருக்கின்றன. தமிழகத்தில் 2018 முதல் இணையவழியில் நடைபெறும் பொறியியல் கலந்தாய்வில் கல்லூரிகளை எந்த வரிசையில் இடுவது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லித்தரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, கல்வி ஆலோசனையும் சமூகப் பணியும் அவ்வாறே அறிமுகமாகின்றன.

ஆனால் கொடுப்பவராக மட்டுமே இருப்பதிலும் ஒரு குறை உண்டு. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி டிரைஸ்மன் என்னும் கணித ஆய்வாளர், நுண்கணிதத்தில் தடுமாறிய கறுப்பின மாணவர் பலர் தனித்தே படிப்பதையும், சிறந்து விளங்கிய சீன வம்சாவளி மாணவர் குழுவாகக் கூடி ஒருவர் தவற்றை ஒருவர் திருத்துவதையும் கண்டார். அதன்பின் அவர் அமைத்த பயிலரங்கு, பின்தங்கியோருக்கான எளிய பயிற்சியாக இல்லாமல், எல்லோரும் சேர்ந்து மோதவேண்டிய கடினக் கணக்குகளைத் தந்தது. வகுப்பின் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர் தம்மைவிடத் தெரிந்தவர்கள் இருக்கும் குழுவையும் தேடிச் செல்லவேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும். இல்லையேல் இரண்டாம் ஆண்டுப் பாடத்திலேயே அவர் அறிவு தேங்கிவிடும்.

நேரத்துக்கு வரம்பிடுவதும் கட்டாயம். வாரத்தில் இன்ன மாலை, இன்ன பாடம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடும் மாணவர், தம் தேர்வுக்கு முந்தைய இரவைக் காத்துக்கொள்கிறார். ரெக்கார்டு எழுதித் தருமாறும் அசைன்மெண்டைக் கடன் கேட்டும் வருவோரிடம் மறுப்புச் சொல்வது கடினமே என்றாலும், அவை கற்பித்தலில் சேரா. வழிகாட்டி என்று அச்சிட்ட சான்றிதழ்களுக்காக அலைவதும் பயனற்றது. வேலைவாய்ப்பு நேர்முகத்தில் தேர்வாளர் துருவிக் கேட்பது வேறு: எந்தக் கருத்து மற்றவருக்கு விளங்கவில்லை, முதலில் சொன்ன விளக்கம் ஏன் எடுபடவில்லை, பிறகு எப்படி மாற்றிச் சொல்லப்பட்டது. ஒவ்வொரு அமர்வுக்குப் பின்னும் இம்மூன்றையும் நான்கு வரியில் ஒரு நோட்டில் குறித்துவைத்தவர், அக்கேள்விகளுக்குத் தயங்காமல் விடையளிப்பார்.