சின்னப் பள்ளியில் சேர்க்கலாமா?

கேள்வி: மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். எங்கள் ஊரில் எந்த மதத்தையும் சாராத தனியார் பள்ளி ஒன்று பத்தாம் வகுப்பு வரை நடக்கிறது. மொத்தமே நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். போய்ப் பார்த்தேன், பிடித்துவிட்டது. ‘பேர் இல்லாத ஸ்கூல்’ என்கிறார் மாமியார். சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: பேரைப் பற்றிக் கவலை வேண்டாம். நூறு பேர் படிக்கும் இடத்தில் ஒரு பிள்ளை முகம் வாடினால் அன்றைக்கே யாராவது கவனித்துவிடுவார்கள். எனக்குக் கவலை ஒன்பதாம் வகுப்பைப் பற்றித்தான். வகுப்பில் எட்டே பேர் இருந்தாலும் கணக்குக்கும் அறிவியலுக்கும் தனித்தனி ஆசிரியர் வேண்டும். அந்த எட்டுப் பேரின் கட்டணம் அவர்கள் சம்பளத்துக்குக் காணாது. அதனால் ஒரே டீச்சர் எல்லாப் பாடமும் எடுப்பார், அல்லது ஆண்டுக்கு ஒருவர் மாறுவார். யார் எடுக்கிறார், எத்தனை வருடமாக இருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள்.

அடுத்து, அங்கீகாரம் எந்த வகுப்பு வரை? ஐந்தாம் வகுப்புவரை அங்கீகாரம் வாங்கிக்கொண்டு மேல் வகுப்பையும் நடத்துகிற பள்ளிகள் உண்டு. அங்கே படித்தால் பொதுத்தேர்வுக்கு வேறொரு பள்ளியின் பெயரில் உட்கார வேண்டிவரும். ஆணையின் நகலை வாங்கி, தேதியையும் பாருங்கள். ‘அப்ளை பண்ணியிருக்கோம்’ என்றால் எழுந்து வந்துவிடலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளித் தேர்வுதான் எழுத வைப்போம் என்று முன்கூட்டியே சொல்கிறவர்கள் நேர்மையானவர்கள். அந்தச் சான்றிதழ் செல்லும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாடிப்படியையும் பார்த்துவிட்டு வாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் மாண்டது கீற்றுக் கூரையும் குறுகலான படியும் இருந்த ஒரு தனியார் பள்ளிக் கட்டடத்தில்தான். தீயணைப்புத் துறைச் சான்றும் கட்டட உறுதிச் சான்றும் இருக்கின்றனவா என்று கேட்பது உங்கள் உரிமை.

மதம் சாராத பள்ளி என்று பலகையில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒருநாள் காலைக் கூட்டத்தின்போது போய் நில்லுங்கள், தெரிந்துவிடும். அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை வழிபாட்டிலோ மத போதனையிலோ பங்கேற்கச் சொல்ல முடியாது. அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு அதைத் தடுக்கிறது.

கடைசியாக, அங்கே பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் வீட்டில் விசாரியுங்கள். பிளஸ் ஒன்னில் ஐம்பது பேர் நடுவே எப்படிச் சமாளித்தார்கள் என்று அவர்கள் சொல்வார்கள். அப்படி முடித்தவர்களே இன்னும் இல்லையென்றால் எட்டாம் வகுப்புவரை படிக்கட்டும், ஒன்பதில் மாற்றிவிடுங்கள். பத்தாம் வகுப்பில் மாற்றப் போனால் எந்தப் பள்ளியும் எளிதில் சேர்த்துக்கொள்ளாது.