பணத்தாளின் மதிப்பறிதல்

பொன்னும் வெள்ளியும் தம்மளவிலேயே விலையுடையன. உருக்கினும் உடைப்பினும் அவற்றின் விலை பெரிதும் குன்றுவதில்லை. பணத்தாளோ அத்தகையதன்று. அதன் மதிப்பு காகிதத்தில் இல்லை. அதனை வெளியிட்டோர் தந்த உறுதிமொழியில் உள்ளது. பத்து ரூபாய்த் தாளும் நூறு ரூபாய்த் தாளும் காகிதமே. ஆயினும், ஒன்று மற்றொன்றினும் பதின்மடங்கு பொருளைக் கடையில் பெற்றுத் தருகின்றது. இவ்வாறு தாளின்மேல் அச்சிடப்பெற்ற தொகையை அதன் முகமதிப்பு என்பர்.

எனினும், சில தாள்கள் முகமதிப்பினும் மிக்க விலை போவதுண்டு. பழம்பொருள் தொகுப்போர் அவற்றைத் தேடி வாங்குகின்றனர். இதனைக் கேள்வியுற்ற சிலர், பெட்டியின் அடியில் பழந்தாள் ஒன்றைக் கண்டவுடன் பெருஞ்செல்வம் வந்ததென மகிழ்கின்றனர். வேறு சிலரோ, உண்மையிலேயே அரிய தாளைப் பழங்காகிதமென்று எண்ணி இழக்கின்றனர். இவ்விரண்டும் அறியாமையின் விளைவே. ஆதலின், தாளின் தகுதியை ஆராயும் முறையை அறிதல் நன்று. மெய்ம்மை, அருமை, நிலைமை, விருப்பம் என்னும் நான்கும் அவ்வாராய்ச்சிக்கு உரியன.

முதற்கண் மெய்ம்மையை நோக்குக. தாள் போலியன்று என்று துணிந்தால் மட்டும் போதாது. அதன்கண் காணப்படும் புதுமையும் மெய்யாதல் வேண்டும். வரிசை எண் அச்சாகாமல் விடுபட்டிருத்தலும், வெட்டு கோணி அடுத்த தாளின் ஒரு பகுதி ஒட்டியிருத்தலும் அச்சகத்தில் நேரும் பிழைகள். இவை அரிதாகவே வெளிவருதலின் விலை பெறும். வெயிலில் கிடந்து நிறம் வெளிறியதும், சாயம் பட்டு நிறம் மாறியதும் அச்சகப் பிழைகள் ஆகா. வஞ்சகர் எண்ணைச் சுரண்டி அழித்துப் பிழைத்தாள் என்று விற்பதும் உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கின், சுரண்டிய இடத்தில் காகிதத்தின் நார்கள் கலைந்திருத்தல் புலனாகும்.

இயல்பானதையே புதுமை என மயங்குவாரும் உளர். ஒரு ரூபாய்த் தாளில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பம் இராது. நிதித்துறைச் செயலாளரின் கையொப்பமே இருக்கும். அது பிழையன்று. ஏனைய தாள்களை ரிசர்வ் வங்கி வெளியிட, ஒரு ரூபாய்த் தாளை இந்திய அரசே வெளியிடுகின்றது. அவ்வாறே, சில தாள்களின் வரிசை எண்ணில் உடுக்குறி ஒன்று காணப்படும். அச்சிடுங்கால் பழுதுற்ற தாளுக்கு ஈடாக வைக்கப்பெறும் தாள் அது. 2006ஆம் ஆண்டில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. அத்தகைய தாளும் பிற தாள்களைப் போலச் செல்லத்தக்கதே என்று 2023இல் ரிசர்வ் வங்கி விளக்கியது. குறி உண்மையால் மட்டும் அஃது அரும்பொருள் ஆகிவிடாது.

அடுத்தது அருமை. பழமை வேறு, அருமை வேறு. பழையதெல்லாம் அரியதன்று. பெருந்தொகையாக அச்சிடப்பெற்று இன்றும் பலர்பால் எஞ்சியுள்ள தாள் எத்துணைப் பழையதாயினும் மிக்க விலை பெறாது. சிறிது காலமே வழங்கித் திரும்பப் பெறப்பட்ட தாள்களே அரியன. முதல் உலகப்போரின்போது நாணயத்திற்குரிய வெள்ளி அரிதாயிற்று. அதனால் 1917இல் ஒரு ரூபாய்த் தாளும், 1918இல் இரண்டு ரூபாய் எட்டணாத் தாளும் வெளிவந்தன. பின்னது சில ஆண்டுகளிலேயே நிறுத்தப்பட்டது. அதனால் இன்று அதனைக் காண்டல் அரிது. 1959இல், அரபு நாட்டுக் கடற்கரைப் பகுதிகளில் வழங்குதற்கும், மெக்காவுக்குச் செல்லும் பயணிகளுக்கும் தனித்தனியே வேற்று நிறத்தில் ரூபாய்த் தாள்கள் வெளியிடப்பட்டன. அவை இந்தியாவினுள் வழங்கா. அவையும் இன்று பெருவிலை பெறுகின்றன.

மூன்றாவது நிலைமை. ஒரே ஆண்டில் அச்சான இரு தாள்களுள் மடிப்பின்றி மிடுக்காக இருப்பது ஒரு விலை. கசங்கிக் கிழிந்தது வேறொரு விலை. இவ்வேறுபாடு பன்மடங்காகவும் இருக்கும். பழந்தாளைக் கழுவுதலும், இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தலும், ஒட்டுத்தாளால் ஒட்டுதலும் நன்மை செய்வதாக எண்ணித் தீங்கு செய்தலாம். கிடைத்த நிலையிலேயே காத்தல் வேண்டும்.

இறுதியானது விருப்பம். அரிய பொருளாயினும் வேண்டுவார் இல்லையேல் விலையில்லை. 786 என்னும் எண்ணை இசுலாமியர் பலர் சிறப்புடையதாகக் கொள்வர். ஒரே இலக்கம் தொடர்ந்து வரும் எண்களையும் சிலர் நாடுவர். இவற்றின் விலை, வாங்குவோரின் விழைவை மட்டுமே பற்றி நிற்பது. மேலும், விற்போர் கேட்கும் விலை வேறு; வாங்குவோர் கொடுத்த விலை வேறு. ஒருவர் இலட்சம் ரூபாய் கேட்டார் என்பதனால் அத்தாள் இலட்சம் பெறும் என்று கொள்ளலாகாது. ஏலத்தில் முன்னர் விற்ற விலைகளையும், தொழிலறிந்தோர் இருவர் மூவரின் கருத்தையும் ஒப்பிட்டுத் துணிக.

இந்த ஆராய்ச்சியின்றி ஆசையால் இயங்குவோர் வஞ்சகர் வலையில் வீழ்கின்றனர். "உமது பழந்தாளைப் பெருவிலைக்கு வாங்குவோம், முதலில் வரியும் கட்டணமும் செலுத்துக" என்று அவ்வஞ்சகர் கூறுவர். செலுத்திய பணம் மீளாது, வாங்குவோரும் வாரார். ரிசர்வ் வங்கியின் பெயரையே கூறி இவ்வாறு ஏமாற்றியோரும் உளர். தான் இத்தகைய வாணிகத்தில் ஈடுபடுவதில்லை என்றும், கட்டணம் பெறுமாறு எவருக்கும் ஆணை அளிக்கவில்லை என்றும் அவ்வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. விற்பவன் விலை பெறுதலே முறை. விற்பதற்கு முன்னே அவனிடம் பணம் கேட்டல் முறையன்று. இவ்வொன்றை நினைவிற் கொண்டோர் ஏமாறார்.

சட்டத்தையும் அறிதல் வேண்டும். 2016 நவம்பர் 8ஆம் நாள் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்ப் பழந்தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவற்றுள் பத்துக்கு மேற்பட்டவற்றை ஒருவர் வைத்திருத்தல் குற்றமாகும். கல்வி, ஆராய்ச்சி, நாணயத் தொகுப்பு ஆகியவற்றின் பொருட்டு இருபத்தைந்து வரை வைத்திருக்கலாம்.

ஆதலின், மாணவர்களே! அரிய தாள் ஒன்று கைக்கு வரின், அதனைக் கடையில் மாற்றவும் விரையாதீர். கனவிற் கோட்டை கட்டவும் விரையாதீர். மெய்யா, அரிதா, நன்னிலையில் உளதா, வேண்டுவார் உளரா என நான்கு வினாக்களையும் முறையே எழுப்புக. விடை சிறு தொகையாயினும் வருந்த வேண்டா. ஒரு நாட்டின் போரும் வாணிகமும் ஆட்சிமாற்றமும் அச்சிறு தாளில் பதிந்துள்ளன. அவற்றைப் படித்தறியும் அறிவு, எவரும் ஏமாற்றிப் பறிக்க இயலாத செல்வமாகும்.

பயிற்சி வினாக்கள்

1. பழமைக்கும் அருமைக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. அச்சகப் பிழைக்கும் பின்னர் நேர்ந்த பழுதுக்கும் உள்ள வேறுபாட்டை எவ்வாறு அறியலாம்?
3. ஒரு ரூபாய்த் தாளில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பம் இல்லாமைக்குக் காரணம் யாது?