கிட்னி நோயாளிக்கு ரத்தம் குறைந்தால்: வீட்டில் இருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

1. ‘ரத்தம் கம்மி’ என்று டாக்டர் சொன்னதுமே முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், மாதுளை ஜூஸ் என்று ஆரம்பித்துவிடுவோம். கிட்னி பழுதானவருக்கு இதில் அவசரம் வேண்டாம். எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களை உருவாக்கவைக்கும் எரித்ரோபொயட்டின் ஹார்மோன் பெரும்பாலும் கிட்னியில்தான் சுரக்கிறது. அது குறைந்து வரும் சோகையைக் கீரை தீர்க்காது. போதாததற்கு, இவற்றில் பொட்டாசியம் அதிகம். ரத்தத்தில் அது ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். டயட்டீஷியன் சரி என்றால் மட்டும், கீரையைப் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். அந்தத் தண்ணீரை ரசத்தில் சேர்க்காதீர்கள்.

2. இரும்புச்சத்து மாத்திரையை காபி, டீ, பாலோடு கொடுக்கக் கூடாது. பாஸ்பரஸைக் குறைக்கத் தரும் கால்சியம் மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது. எதை எப்போது தருவது என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மலம் கறுத்துப் போவது இரும்புச்சத்து மாத்திரையால் வருவதுதான். தார் போலப் பிசுபிசுத்து நாறினால் உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

3. எரித்ரோபொயட்டின் ஊசி மருந்தை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டவே வேண்டாம்; உறைந்துபோனதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. குலுக்கவும் கூடாது. டயாலிசிஸுக்கு எடுத்துப்போகும்போது ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றி வையுங்கள், மருந்து ஐஸில் நேராகப் படக் கூடாது.

4. இந்த ஊசியால் பி.பி. ஏறலாம். வீட்டிலேயே பார்த்து, ஊசி போட்ட தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

5. ஹீமோகுளோபின் 11-ஐ ஒட்டி நின்றால் “இன்னும் ஏறலையே” என்று கவலைப்படாதீர்கள். டாக்டர்கள் பொதுவாக 10 முதல் 11.5 வரைதான் எதிர்பார்க்கிறார்கள். ஊசி போட்டு 13-க்கு மேல் ஏற்றினால் பக்கவாதம், ரத்தக்கட்டு வரும் ஆபத்து கூடும். பக்கத்து வீட்டுக்காரரின் 14-உடன் ஒப்பிடவே வேண்டாம்.

6. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும், மிச்சமிருக்கும் கிட்னியையும் கெடுக்கும். தவிர்த்துவிடுங்கள்.

7. கிட்னி மாற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவரா? ரத்தம் ஏற்றலாம் என்று யார் சொன்னாலும், மாற்று கிட்னிக்குக் காத்திருப்பதை முதலில் தெரிவியுங்கள். ஏற்றிய ரத்தத்தால் உடலில் உருவாகும் எதிரணுக்கள், பொருத்தமான கிட்னி கிடைப்பதைக் கடினமாக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் தயங்கக் கூடாது. மற்ற நேரத்தில், ரத்தம் ஏற்றியே ஆக வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

8. நாலு படி ஏறியதும் உட்கார்ந்துவிடுகிறவரைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள், மனது நொந்துபோவார். நெஞ்சு வலித்தாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அடுத்த டயாலிசிஸ் நாளுக்குக் காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.