தறியும் திராட்சைத் தோட்டமும்

எல்லாத் தொழிலிலும் வல்ல ஒரு நாடு, தன்னினும் திறமை குறைந்த நாட்டிடம் பொருள் வாங்குவது ஏன்? பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை தந்தார். அவர் காட்டிய எடுத்துக்காட்டுக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம்.

ஓராண்டில் குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்துக்கு 100 பேர் வேண்டும். போர்ச்சுகலுக்கு 90 பேர் போதும். அத்துணிக்கு மாற்றாகும் திராட்சை மதுவைச் செய்ய இங்கிலாந்துக்கு 120 பேர். போர்ச்சுகலுக்கு 80 பேர். இரண்டிலும் போர்ச்சுகலே முந்துகிறது. ஆயினும், அது மதுவை மட்டும் செய்து இங்கிலாந்தின் துணிக்கு மாற்றிக்கொண்டால், அதற்கு 10 பேரின் உழைப்பு மிச்சம்; இங்கிலாந்துக்கோ 20 பேரின் உழைப்பு மிச்சம். இதையே ஒப்பீட்டு நன்மை என்கிறோம். திறமை குறைந்தவருக்கும் சந்தையில் இடம் உண்டு என்பதே இதன் பொருள்.

ஆனால், போர்ச்சுகலில் தறியை விட்டிறங்கும் அந்த 90 பேரை நாம் மறக்கலாமா? நெசவாளி ஒரே நாளில் தோட்டக்காரர் ஆகிவிட முடியாது. நாடு பெற்ற இலாபத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் புதுத்தொழில் கற்பிக்கச் செலவானால்தான் நம் கணக்கு நேராகும்.