தொழிற் பாடம்: அழகுக்கலை படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு



1970களில் வந்த பஞ்சமும் 1977 கலவரமும் விரட்ட, தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. அதனால் நம்மில் பலருக்கு வன்னியில் இன்றும் சொந்தபந்தம் உண்டு. "சித்தி வீட்டில தங்கி அழகுக்கலை படிக்கப் போறேன்" என்று கேட்கும் பிள்ளையும், அனுப்பலாமா என்று யோசிக்கும் தாய் தகப்பனும் இந்தப் பாடத்தைச் சேர்ந்து வாசியுங்கள்.

1. எங்கே படிப்பது?

காசு கட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "முடிவில் என்.வி.கியூ. சான்றிதழ் கிடைக்குமா?" அதுதான் தேசிய தொழிற் தகைமை. தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். சான்றிதழ் இல்லாமல் சலூனில் வேலை பழகியவர்களும் மனம் தளர வேண்டாம். கைவேலையைச் செய்து காட்டி, மதிப்பீட்டின் மூலம் தகைமை பெற வழி உண்டு.

2. முதலில் கை சுத்தம்

புருவம் எடுக்கும் நூலை வாயில் கடிக்கக் கூடாது, கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பழகுங்கள். பிளேடு ஒருவருக்கு ஒன்றுதான். இரத்தம் பட்ட கருவியால் மஞ்சள் காமாலைக் கிருமி அடுத்தவருக்குப் போகும். ஒவ்வொருவருக்கும் வேறு துவாய் வையுங்கள். புதிய டை, பிளீச் எதுவானாலும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, 48 மணித்தியாலம் பார்த்த பிறகே பாவியுங்கள்.

3. "ஒரு கிழமையில வெள்ளையாக்கு"

கலியாணப் பொண்ணின் வீட்டார் இப்படித்தான் கேட்பார்கள். இங்கேதான் புதியவர்கள் தவறு விடுகிறார்கள். பெயர் விலாசம் இல்லாத வெள்ளையாக்கும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவரின் துவாய், தலையணை வழியாக வீட்டுக் குழந்தைக்கும் தொற்றும். மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023இல் கூடி, பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை 2025க்குள் முற்றாக நிறுத்த முடிவு செய்தன. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு.

இன்னும் சிலர் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற மருந்துக் கிரீம்களைக் கலந்து பூசுகிறார்கள. முதல் மாதம் முகம் மினுங்கும். பிறகு தோல் மெலிந்து சிவக்கும், பரு வரும், முடி முளைக்கும். விட்டால் எரியும், விடாவிட்டால் கெடும். கறுப்பு நோயல்ல. வெயிலில் கொழுந்து பறிக்கும் அம்மாவின் முகத்தில் விழுந்த மங்குக்கு முதல் மருந்து நிழலும் தொப்பியும் சன்கிரீமும்தான்.

4. டொக்டரிடம் அனுப்ப வேண்டியவை

தொட்டால் உணர்ச்சி தெரியாத வெளிறிய படை, ஆறாத புண், வளரும் மச்சம், சீழ் பிடித்த பரு ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். உணர்ச்சியற்ற படை தொழுநோயாக இருக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், பூரணமாகக் குணமாகும். முதலில் கண்டு சொன்னவர் நீங்களாக இருந்தால், அந்தக் குடும்பம் உங்களை மறக்காது.

5. கடையும் கடனும்

தை, வைகாசி, ஆவணியில் கலியாண வேலை நெருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் வருமானம் குறையும். ஆனால் கிழமைக் கடன்காரர் ஆடி என்று பார்த்து நிற்க மாட்டார். வடக்கில் நுண்கடனில் சிக்கித் தவித்த பெண்கள் எத்தனையோ பேர். 2018இல் அரசாங்கமே வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்குக் கடன் நிவாரணம் கொடுக்க நேர்ந்தது. ஆகவே கடன் வாங்கிக் கதிரையும் கண்ணாடியும் அடுக்காமல், இரண்டு வருடம் நல்ல சலூனில் சம்பளத்துக்கு நில்லுங்கள். பிறகு சின்னதாகத் தொடங்கி, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள்.

சின்ன டவுனில் ஒரு முகம் கெட்டால் ஊரே அறியும். "இது என்னால் ஆகாது அக்கா, டொக்டரிடம் காட்டுங்க" என்று சொல்லத் தெரிந்த பிள்ளையிடம்தான் ஆட்கள் திரும்பி வருவார்கள்.

வீட்டில் பேசிப் பாருங்கள்: இரட்டைக் காசு தருகிறேன், மகளை வெள்ளையாக்கு என்று ஒருவர் வந்தால், உங்கள் பிள்ளை என்ன பதில் சொல்லும்?