தளும்பும் தாங்கி

1000 லிட்டர் தாங்கியை வானில் வைத்து, மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிறேன். பிரேக் பிடித்தால் வான் நின்ற பிறகும் தண்ணீர் முன்னால் தள்ளுகிறது. என்ன செய்யலாம்?
வாசகர், கொக்கட்டிச்சோலை

நாலு வீட்டுக்கு இறக்கிய பிறகுதானே கூடுதலாகத் தள்ளுகிறது? முட்ட நிரம்பிய தாங்கியில் தண்ணீருக்கு ஓட இடமில்லை. அரைத் தாங்கிதான் ஆட்டம் போடும். நல்லகாலம், 2014இல் பாலம் வந்தது. இந்த வானோடு முன்பிருந்த பாதையில் (படகில்) ஏறியிருந்தால் பாதைக்காரர் உங்களைக் கலைத்திருப்பார்!

பெரிய பவுசருக்குள் குறுக்கே ஓட்டை போட்ட தகடுகள் இருக்கும். தண்ணீர் அவற்றினூடே மெல்லத்தான் போகும். பிளாஸ்டிக் தாங்கிக்குள் அந்த வேலை சரிவராது. அதை விற்றுவிட்டு, 200 லிட்டர் நீலப் பீப்பாக்கள் ஐந்தை நெருக்கி நிறுத்திக் கட்டுங்கள். சாப்பாட்டுச் சாமான் வந்த பீப்பாவாகப் பாருங்கள், இரசாயனம் வந்தது வேண்டவே வேண்டாம். ஒன்றை அடிவரை இறக்கிய பிறகே அடுத்ததைத் திறவுங்கள். குழாயால் இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு வேண்டும். எல்லாவற்றையும் திறந்துவைத்து ஓடினால் பழைய கதைதான்.

ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு தொன். உங்கள் வான் அவ்வளவு தாங்குமா என்று பார்த்து, தாங்காவிட்டால் பீப்பாவைக் குறையுங்கள். கயிற்றை நம்பாமல், சட்டத்தோடு சேர்த்து இரும்புப் பட்டியால் இறுக்குங்கள்.