ஏரி வற்றியபோது தெரிந்த துறைமுகங்கள்

துறைமுகம் என்றதும் கடல்தான் நம் நினைவுக்கு வரும். நன்னீர் ஏரியொன்றைச் சுற்றிலும் பண்டைய துறைமுகங்கள் இருந்தன என்பதையும், அவை நெடுங்காலம் நீருக்குள் மறைந்து கிடந்தன என்பதையும் வாசித்தறிந்தபோது நான் வியந்தேன். அந்த ஏரியின் பெயர் நமக்குப் புதியதன்று. யஃஜூஜ், மஃஜூஜ் பற்றிய ஹதீஸில் வரும் தபரிய்யா ஏரிதான் அது. ஹதீஸ்கலை அறிஞர் இமாம் தபரானி (ரஹ்) அவர்களின் பெயரும் அதன் கரையிலுள்ள தபரிய்யா நகரிலிருந்தே வந்தது. கிறிஸ்தவர்கள் இதனைக் கலிலேயாக் கடல் என்பர்.

வரலாற்றுப் பலஸ்தீனத்தின் வடகிழக்கே அமைந்த இவ்வேரி ஏறத்தாழ 21 கிலோமீற்றர் நீளமும் 13 கிலோமீற்றர் அகலமும் கொண்டது. யோர்தான் ஆறு வடக்கே நுழைந்து தெற்கே வெளியேறுகிறது. ஏரியின் நீர்ப்பரப்பு கடல் மட்டத்தைவிட 200 மீற்றருக்கும் மேல் தாழ்வானது. சுற்றியுள்ள மேட்டு நிலங்களிலிருந்து இறங்கும் காற்று திடீரெனப் பேரலைகளை எழுப்பிவிடும். ஆகவே ஓடங்கள் ஒதுங்குவதற்குப் பாதுகாப்பான இடங்கள் தேவைப்பட்டன.

அவற்றைத் தேடிக் கண்டவர்களுள் முதன்மையானவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். கிழக்குக் கரையில் வாழ்ந்த மெண்டல் நூன் என்ற மீனவர். 1970 முதல் அவர் நீர் குறையும் காலங்களில் கரை நெடுக நடந்து பார்த்தார். ஏனையோர் கற்குவியல் என்று கடந்துபோன இடத்தில், ஏரிக்குள் நீண்டு வளைந்து செல்லும் அலைதடுப்புச் சுவரை அவர் கண்டார். துளையிட்ட கற்களை நங்கூரம் என்றும் வலைக்குண்டு என்றும் அடையாளம் கண்டார். அலையையும் வலையையும் அறிந்த அவரது தொழிலறிவே அங்கு ஆய்வறிவாயிற்று. 1989 முதல் 1991 வரை நீடித்த வறட்சியில் நீர் மிகவும் குறைந்தபோது துறைமுகங்கள் மேலும் தெளிவாக வெளிப்பட்டன. மொத்தத்தில் பதினைந்துக்குக் குறையாத துறைமுகங்கள் அறியப்பட்டன.

குர்சி, கப்பர்நாகூம், மக்தலா ஆகியன அவற்றுட் சில. சுவர்கள் அப்பகுதியில் கிடைக்கும் கறுப்பு எரிமலைக் கற்களால் ஆனவை. இவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது கதரா நகரின் துறைமுகம். கதரா கரையோர நகரமன்று. யர்மூக் ஆற்றுக்கு அப்பால் மலைமேல் இருந்தது. இன்று யோர்தான் நாட்டில் உம்மு கைஸ் எனப்படுகிறது. அந்நகரத்தாரும் கீழே ஏரிக்கரையில் பெரியதொரு துறைமுகத்தைக் கட்டினார்கள் என்றால், மீனும் படகுப் பயணமும் அக்கால வாழ்வில் எத்துணை முக்கியம் பெற்றிருக்க வேண்டும்!

1986 ஆம் ஆண்டின் வறட்சியில் மற்றொரு சான்று கிடைத்தது. மீனவச் சகோதரர் இருவர் சேற்றில் புதைந்திருந்த மரப்படகொன்றைக் கண்டனர். சுமார் 8 மீற்றர் நீளமான அப்படகு ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழைமையானது. பலவகை மரத்துண்டுகளால் திரும்பத் திரும்பப் பழுதுபார்க்கப்பட்டிருந்தது. அதன் சொந்தக்காரர் வசதியற்றவராக இருந்திருக்கலாம் என எனக்குத் தோன்றுகிறது. சேறு காற்றுப் படாமல் காத்ததால் மரம் மக்கவில்லை. வெளியே எடுத்ததும் காய்ந்து நொறுங்கும் அபாயம் இருந்தமையால், பல ஆண்டுகள் இரசாயனக் கரைசலில் வைத்தே அதனைப் பாதுகாத்தனர்.

எனினும், ஏரி வற்றுவது மகிழ்ச்சிக்குரிய செய்தியன்று. மழை குறைவதோடு, 1964 முதல் பெரும் குழாய்கள், கால்வாய்கள் வழியே நீர் தொலைதூரத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டதும் ஏரியைத் தாழ்த்தியது. 2001 நவம்பரில் நீர்மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே 214.87 மீற்றராக இறங்கியது. நீர் குறைந்தால் ஏரியின் உவர்த்தன்மை கூடும்; மீன்வளமும் குடிநீரும் பாதிக்கப்படும். பழைமையைக் காட்டிய அதே வறட்சி, இன்று அங்கு வாழ்வோருக்குத் துன்பமாகவும் இருந்தது.

தோழியரே, வரலாறு நூலகத்தில் மட்டும் இருப்பதன்று. வலை வீசும் கையும் கூர்ந்து பார்க்கும் கண்ணும் அதனைக் கண்டெடுக்கும். நம் வீட்டுப் பெரியோரின் தொழிலறிவையும் கேட்டு, எழுதி வைப்போம். நாளை ஏதேனும் ஒரு கல்லின் பொருளை அது நமக்கு விளக்கக்கூடும்.